ஒரே ஒரு தலாக், ஒரு தேர்தல் வழக்கு

பேரன்புள்ள மைத்துனர் ஹைதம் அவர்களுக்கு, பெய்ரூட்டிலிருந்து முன்திர் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். குவைத் வெயிலிலும் நீங்களும் பிள்ளைகளும் அல்லாஹ்வின் கிருபையால் குளுமையாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலமில்லை. உங்கள் தங்கை ரபாப் என்னிடம் தலாக் கேட்கிறாள்.

பதறாதீர்கள், சண்டை ஒன்றுமில்லை. இங்கே உங்கள் சொந்த ஊர் ஊராட்சித் தேர்தலில் ஓட்டு எண்ணும்போது கரண்ட் போனதும், திரும்பி வந்தபோது பெட்டி கனத்திருந்ததும், ஊரில் இருக்கிற ஆட்களைவிட ஓட்டு அதிகம் விழுந்திருந்ததும் உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர்க் குழாய் போடுவதாகச் சொன்ன வஜ்தி தோற்றுப்போனான். வழக்குப் போடச் சொல்லி ரபாப் அவன் வீட்டுக்கே போனாள். அவனோ ஜெயித்தவர்கள் சமாதானத்துக்கு வைத்த ஆட்டு விருந்தைக் கழுத்துவரை சாப்பிட்டுவிட்டு, "விடுங்கக்கா, எல்லாம் நம்ம சொந்தக்காரங்கதானே" என்றிருக்கிறான். ஊரில் மற்றவர்களுக்குக் கையெழுத்து என்றதுமே கைவலி. நானே போடுகிறேன் என்று இவள் வக்கீலிடம் கிளம்பினாள், நானும் பின்னாலேயே போனேன். "அந்த ஊர் வாக்காளர் போடணும், இல்லேன்னா நின்னு தோத்தவர் போடணும். நீங்கதான் கல்யாணமாகிப் புருஷன் ஊர் வாக்காளர் பதிவுக்குப் போயிட்டீங்களேம்மா" என்றார் வக்கீல். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "விவாகரத்து ஆனா பேரு பிறந்த ஊருக்கே திரும்பிடும்" என்றும் சொல்லித் தொலைத்தார் பாவி மனுஷன்.

அன்றிலிருந்து காபி கொடுக்கும்போதும் அதே பேச்சுதான். "ஒரே ஒரு தலாக் சொல்லுங்க. மனுவைக் கொடுத்துட்டுத் திரும்பச் சேர்ந்துக்கலாம்." "சேர்ந்துக்க மறந்துட்டா?" என்றேன். "வெங்காயத்துக்கே தேம்பி அழற ஆம்பளை எனக்கு வேற எங்கே கிடைக்கப்போறார்!" என்கிறாள். மச்சான், ஐம்பத்தெட்டு வயதில், போன வருஷம்தான் எனக்குக் கல்யாணமே ஆனது. அவளில்லாத வீடு எப்படியிருக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். விளையாட்டுக்குக்கூட அந்த வார்த்தை என் வாயில் வராது. ஆனால் அவள் பக்கம் நியாயமிருக்கிறது, பிள்ளைகள் இன்னும் தண்ணீர் சுமந்துகொண்டுதான் பள்ளிக்குப் போகிறார்கள். கல்யாணத்தில் ஊர் மாறுவது பெண்களுக்கு மட்டும்தானே! நீங்கள் இன்னும் அந்த ஊர் வாக்காளர். விமானம் ஏறி வந்து ஒரு கையெழுத்துப் போட்டால் பள்ளிக்குத் தண்ணீர் வரும், எனக்கு மனைவி மிஞ்சுவாள்.

வீட்டில் பெரியவர்களுக்கு ஸலாம், சின்னவர்களுக்கு முத்தங்கள். தொழுதுவிட்டுக் கேட்கும் துஆவில் என்னைக் கொஞ்சம் அதிகமாகவே சேர்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
இன்றுவரை உங்கள் மைத்துனன்,
முன்திர்

பி.கு.: நீங்கள் வர வேண்டாம். ரபாப் பதிவு அலுவலகத்துக்கே போய்ப் பார்த்துவிட்டாள். அவள் பெயர் உங்கள் ஊரை விட்டு நகரவேயில்லை. நான் அங்கே கொடுத்துவிட்டதாக நினைத்திருந்த நிக்காஹ் பத்திரம் கல்யாணக் கோட்டுப் பையிலேயே இருக்கிறது. நேராகப் போய் மனு கொடுத்தாள், வாங்கிக்கொண்டார்களாம், விசாரணையும் உண்டாம். பத்திரத்தை எடுத்துக்கொண்டு பதிவு செய்ய ஓடினேன். வாசலிலேயே மறித்துவிட்டாள். "தீர்ப்பு வர்றவரைக்கும் அது பையிலேயே கிடக்கட்டும். அரசாங்கக் கணக்குல நான் இன்னும் கல்யாணமாகாத பொண்ணு. அதுவரைக்கும் என்கிட்ட ஒழுங்கா நடந்துக்கங்க!"