டேப்பில் வந்த ‘ஐயோ’

பக்தி உள்ளவனிடம் எந்தப் பொறுப்பை வேண்டுமானாலும் நம்பிக் கொடுக்கலாம். கம்ப்யூட்டரைக் கொடுக்கும்போது மட்டும் பக்கத்தில் இன்னொரு ஆளைப் போட வேண்டும். இதை என் அனுபவத்தில் சொல்கிறேன். என் முதலாளியைக் கேட்டால் இன்னும் சூடாகச் சொல்வார்.

திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பேக்கிங் செக்‌ஷனில் இருந்தேன். படிப்பு பத்தாவது (அதுவும் இரண்டாம் தடவை எழுதித்தான்). முகூர்த்தப் புடவை எடுப்பவர்கள் பில் போட்டதும் என்னைத் தேடுவார்கள். புடவையின் நாலு மூலையிலும் மஞ்சள் குழைத்து வைத்து, மயிலம் முருகனை ஒரு நிமிஷம் நினைத்துக்கொண்டு பையில் போட்டுக் கொடுப்பேன். "ஏழுமலை கை வெச்சா விளங்கும்" என்று எனக்குப் பேர்.

அந்தப் பேரை நம்பித்தானோ என்னவோ, கடைக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது முதலாளி என்னை அந்த ஏசி அறைக்கு மாற்றினார். கடைக் கணக்கு முழுவதும் இருக்கும் பெரிய பெட்டிக்கு சர்வர் என்று பெயர். அதில் ஓடுவது லினக்ஸ் என்றார்கள். புது பனியன் பிராண்டு என்றுதான் நினைத்தேன். அதைக் கவனித்துக்கொள்ளும் இன்ஜினீயர் ஆரோக்கியராஜ் எங்கள் விழுப்புரம் கடையில் உட்கார்ந்திருப்பார். போன் லைன் வழியாகவே இங்கே நுழைந்து வேலை பார்ப்பார். எனக்கு ஒரே வேலை. சாயங்காலம் சர்வரின் வாயில் சின்னதாக ஒரு டேப்பைச் செருக வேண்டும். கணக்கெல்லாம் அதில் பதிவாகும். காலையில் எடுத்து பீரோவில் வைக்க வேண்டும். சர்வர் என்றைக்காவது படுத்துவிட்டால் அந்த டேப்தான் கடையைக் காப்பாற்றும்.

கடையையே காப்பாற்றப் போகிற பொருளை வெறுமனே உள்ளே விடலாமா? புது டேப்பைப் பிரித்ததும் நாலு மூலையிலும் மஞ்சள், நடுவில் துளி குங்குமம். அதற்கப்புறம்தான் உள்ளே.

முதல் வாரமே தகராறு. சர்வருக்கென்று இருந்த தனி லைனும் கட்டாகியிருந்ததால் ஆரோக்கியராஜ் கடை போனில் கூப்பிட்டுக் கேட்டார்.

"அண்ணா, ஸ்க்ரீன்ல இன்னா வந்துக்கினு இருக்கு? படிங்க."

"ஐயோன்னு போட்டிருக்குது சார்."

"இன்னாது?"

"ஐ, ஒரு கோடு, அப்புறம் ஓ. பக்கத்துல எரர்."

அவர் சிரித்து முடிக்கிற வரைக்கும் காத்திருந்தேன். "அது ஐயோ இல்லண்ணா, ஐ-ஓ. டேப்புல எழுத முடியலன்னு அர்த்தம். வேற புது டேப்பு போடுங்க."

போட்டேன். மஞ்சள் வைத்துத்தான். மறுநாளும் ஐயோ.

விழுப்புரத்தில் இருந்தபடியே அவர் பார்க்காத வைத்தியம் இல்லை. டேப்பை முன்னால் ஓட்டினார், பின்னால் ஓட்டினார். என்னை விட்டு கேபிளைப் பிடுங்கி மாட்ட வைத்தார். "பழைய டேப்பு ஓடுது, புதுசு போட்டாத்தான் பேஜாரு பண்ணுது. எவனோ டூப்ளிகேட் சரக்கைத் தள்ளிக்கினு இருக்கான்" என்று டேப் வாங்கும் கடையையே மாற்றினார். (அந்தக் கடைக்காரர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.)

நானும் விடுவதாக இல்லை. எரர் கூடக் கூட மஞ்சளையும் கூட்டினேன். பொட்டாக இருந்தது திட்டாக ஆனது.

கடைசியில் ஆரோக்கியராஜ், உள்ளே துடைப்பதற்கென்றே இருக்கும் க்ளீனிங் டேப் ஒன்றை பஸ்ஸில் கொடுத்தனுப்பினார். "எந்த அழுக்கு இருந்தாலும் இது எடுத்துடும்ணா. இதுலயும் சரியாவலன்னா நான் தோத்துட்டேன்." அவர் குரலைக் கேட்டு எனக்கு மனசு கரைந்துவிட்டது. அதுவும் புதுசுதானே? எல்லோரையும் கரையேற்றப் போகிற டேப் என்பதால் மூலைக்கு ஒன்றோடு நிறுத்தாமல் முதுகிலும் ஒரு கை மஞ்சள் வைத்தேன். உள்ளே போன அந்த டேப் வெளியே வரவே மறுத்தது.

முதலாளிக்குப் பொறுமை போனது. "பெட்டியத் தூக்கி விழுப்புரத்துக்கே அனுப்பிடலாம். ஏழுமலை, நீ குடோனுக்குப் போயிடுப்பா. துணி மூட்டை, பேல் இறக்க ஆள் பத்தல."

வீட்டில் சொன்னேன். என் மனைவி கஸ்தூரி, ஒலக்கூரில் இருக்கும் அவள் அண்ணன் வீடு வரைக்கும் "அவரு ஏசி ரூம்ல கம்ப்யூட்டர் பாக்கறாரு" என்று ஏற்கெனவே பரப்பியிருந்தாள்.

"மூட்டை தூக்கறது ஒண்ணும் கேவலம் இல்லீங்க" என்றாள். "எங்க அண்ணி கிட்ட மட்டும் நீங்களே போய் சொல்லிடுங்க."

அதற்கு பேலே தேவலாம். மறுநாள் முதலாளி முன்னால் போய் நின்றேன். "இன்ஜினீயர் சார ஒரே ஒரு தடவ நேர்ல வரச் சொல்லுங்க. மாட்டினத அவரு எடுத்துத் தந்தா, அவரு கண்ணு முன்னாடியே டேப்பு போடறேன். அப்பவும் ஐயோ வந்துதுன்னா நானே குடோனுக்குப் போறேன்."

வெள்ளிக்கிழமை காலை ஆரோக்கியராஜ் வந்து இறங்கினார். முதலாளியும் அறைக்குள் வந்து நின்றார். டேப் போகும் பாகத்தைக் கழற்றி மேஜைமேல் தட்டியதும் மஞ்சளாகக் கொட்டியது. ஆரோக்கியராஜ் விரலில் தொட்டு முகர்ந்தார்.

"சார், உள்ள மஞ்சத்தூளு."

"எலி எதுனா வேலை பண்ணியிருக்குமா?" என்றார் முதலாளி.

"எலி இல்ல முதலாளி, நான்தான்!" என்றேன் பெருமையாக. "ஒரு டேப்பு விடல." பீரோவைத் திறந்து காட்டினேன். சீர்வரிசை மாதிரி மங்களகரமாக அடுக்கியிருந்தது.

ஆரோக்கியராஜ் சிலுவை போட்டுக்கொண்டார். "க்ளீனிங் டேப்புக்குமாண்ணா?"

"அதுக்குத்தான் சார் ஜாஸ்தி."

முதலாளி திட்டுவதற்கு வாயைத் திறந்தார். காலையில் கல்லாப்பெட்டிக்கு வைத்த மஞ்சள் அவர் விரலிலேயே இன்னும் காய்ந்துகொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டார். "மஞ்ச வெக்காதன்னு என் வாயால எப்படிச் சொல்றது? நீ சொல்லு தம்பி."

"நான் எப்படி சார் சொல்றது? நான் சொன்னா வேற மாதிரி ஆயிடும்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நானே யோசித்து, "டேப்பு வர்ற டப்பாவுக்கு வெச்சா எரர் வருமா சார்?" என்றேன்.

"டப்பாவ மஞ்சத்தண்ணியில குளிப்பாட்டியே விடுங்கண்ணா!"

அவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் துடைத்து மாட்டினார். அன்று சாயங்காலம் என் கையாலேயே வெறும் டேப்பைச் செருகினேன். மனசு என்னவோ போல்தான் இருந்தது. ஆனால் காலையில் ஐயோ வரவில்லை. குடோன் பேச்சும் நின்றது.

பல வருஷம் கழித்து, மகளின் நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை அவளுக்குப் புது லேப்டாப் வாங்கி வந்தார். பார்க்கலாமே என்றுதான் பக்கத்தில் போனேன். சம்பந்தி வீட்டார் அத்தனை பேர் எதிரிலும் கஸ்தூரி கத்தினாள்: "மாப்ள, ஜல்தி! டப்பாவ மட்டும் அவரு கைல குடுங்க!"

அன்றிலிருந்து வீட்டுக்குப் புதுசாக எது வந்தாலும் பொருள் ஒரு பக்கம் போகும், டப்பா என்னிடம் வரும். பேரனுக்கு வாங்கிய சைக்கிளுக்கு டப்பா இல்லை. அன்று முழுவதும் கஸ்தூரி மஞ்சள் கிண்ணத்தைக் கையை விட்டுக் கீழே வைக்கவில்லை.