வெள்ளம் வந்த மூன்றாம் வகுப்பு

கோபாலபுரம் தோட்டம்,
6.3.1974, புதன்.

மதிப்பிற்குரிய பெரியப்பா அவர்களுக்கு வசந்தாமணி பணிந்து எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் குழந்தை பழனாத்தாளும் இரண்டு எருமைகளும் நலம். கிணறு மட்டும் நலமில்லை. பெரியம்மாவின் முழங்கால் வலியும் தங்கள் ரத்தக் கொதிப்பும் பொள்ளாச்சிக்குப் போன பிறகு அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். கொதிப்பு அடங்கவில்லையென்றால் இந்தக் கடிதத்தைச் சாப்பாட்டுக்கு அப்புறம் படிக்கவும்.

தங்கள் கடிதம் வந்து பன்னிரண்டு நாளாகிறது. பள்ளிக்கூட மேனேஜர் என்ற முறையில் தாங்கள் கேட்டது ஒரே ஒரு வரி. ‘நான் தை மாதம் எழுதிய புகார் உண்மைதான்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், அது கிடைத்த அடுத்த திங்கட்கிழமையே மிக்கேல்ராஜ் வாத்தியாரை நிறுத்திவிடுவதாகவும், அவர் தற்காலிகம்தான் என்பதால் சிரமமில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். பி.ஏ. தமிழ் படித்தவளுக்கு ஒரு வரி எழுதப் பன்னிரண்டு நாளா என்று கேட்பீர்கள். நடந்ததைச் சொல்கிறேன், அப்புறம் திட்டுங்கள்.

புகார் நான் எழுதியதுதான், இல்லையென்று சொல்லவில்லை. அந்த நிலைமையில் எந்தத் தாயும் எழுதியிருப்பாள். பிள்ளை மூன்றாம் வகுப்பு; எழுத்தைத் தனித்தனியாகக் காட்டினால் பேர் சொல்வாள், நாலு எழுத்தைச் சேர்த்து வாசியடி என்றால் கொட்டாவி விடுவாள். எனக்குத் தூக்கம் போயிற்று. பக்கத்துத் தோட்டத்துக் கருப்பாத்தாள் வேறு வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "ஏனுங்க வசந்தாமணி, நீங்க கோயமுத்தூரு வரைக்கும் போயிப் படிச்சீங்களே, அந்தப் படிப்புப் புள்ளைக்கு எறங்கவேயில்லீங்களா?" என்று தினம் ஒரு தரம் விசாரிப்பாள். பள்ளிக்கூடத்தில் என்னதான் நடக்கிறது என்று போய்ப் பார்த்தால், இந்த வாத்தியார் பிள்ளைகளைப் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, வீட்டில் எழுத்து அச்சடித்த எது இருந்தாலும் கொண்டுவரச் சொல்லி, டானிக் பாட்டில், தீப்பெட்டி, கல்யாணப் பத்திரிகை, பூச்சிமருந்து டப்பா எல்லாவற்றையும் தரையில் பரப்பிச் சந்தைக்கடை போட்டிருந்தார். அந்தச் சந்தைக்குக் கருப்பாத்தாளின் மகன் கொண்டுபோனது ரேஷன் கார்டு. அன்றைக்குத்தான் சீனி போட்டார்கள். அவள் என் வாசலுக்கு வந்து, "எங்கூட்டுக் கார்ட வெச்சுப் பாடம் நடத்தறாராமா! சீனியில்லாத காப்பிய அந்த வாத்தியாரு வந்து குடிப்பாருங்களா?" என்று ஆடித் தீர்த்துவிட்டாள். அன்று ராத்திரியே உட்கார்ந்து, ‘இவர் வாத்தியாரில்லை, கூத்தாடி’ என்று தங்களுக்கு எழுதினேன். கல்லூரியில் படித்த தமிழெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குத்தான் உதவிற்று.

தங்கள் பதில் வந்த பிறகுதான் பயம் பிடித்துக்கொண்டது. புகார் எழுதும்போது அவர் வெறும் வாத்தியார். நிறுத்தப்போகிறார்கள் என்றதும் அவர் மத்தியானம் சாப்பிடுகிற தூக்குச்சட்டியும், ஓரம் தைத்த செருப்பும் கண்ணில் பட ஆரம்பித்தன. ஆனாலும் நம் பிள்ளை நமக்கு முக்கியமில்லையா? போன செவ்வாய்க்கிழமை மனதைக் கல்லாக்கிக்கொண்டு அந்த ஒரு வரியை எழுதி, உறைக்குப் பசை தடவிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் தெருவில் கூச்சல்: "வெள்ளம் வந்துருச்சு! வெள்ளம் வந்துருச்சு!"

நம் பக்கத்தில் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர் என்பது தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மலையாளத்தோடு புழங்கிப் புழங்கி நமக்கும் அப்படியே ஆகிவிட்டது. பொதுக்குழாயில் ஒன்பது நாளாகக் காற்றுகூட வரவில்லை. நான் பசைக் கையோடு இரண்டு குடத்தையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். வாய்க்காலில் விட்டுவிட்டார்கள் என்று நினைத்து உங்கள் மாப்பிள்ளை மம்மட்டியோடு மடையைத் திறக்கக் கிழக்கே ஓடினார். குழாயடிக்கு நான் போவதற்குள் முப்பது குடம் வரிசையில் இருக்கிறது. "நாந்தானுங்க மொதல்ல வந்தது!" "வந்தது நீயி, கொடம் வெச்சது நானாக்கும்!" என்று கால் மணி நேரம் சண்டை. கடைசியில் யாரோ குழாயைத் திருகினார்கள். புஸ் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

விசாரித்தால் விஷயம் மூன்றாம் வகுப்பிலிருந்து கிளம்பியிருக்கிறது. அங்கே ஒரு முறை: ஒரு பிள்ளை ஒரு வாக்கியத்தை வாசிக்க வேண்டும், மற்றவர்கள் அதைச் செய்துகாட்ட வேண்டும். காக்கை பறந்தது என்றால் எல்லாரும் பறக்க வேண்டும். அன்றைக்கு ஒருத்தி எழுந்து, விரலை வைத்து, எழுத்தெழுத்தாகக் கூட்டி, ‘ஊருக்குள் வெள்ளம் வந்தது’ என்று முழு வாக்கியத்தையும் வாசித்திருக்கிறாள். ‘மக்கள் அழுதுகொண்டு ஓடினார்கள்’ என்ற அடுத்த வாக்கியத்துக்கு யாரும் காத்திருக்கவில்லை. வகுப்பே வீட்டுக்குக் குடமெடுக்க ஓடிவிட்டது. அந்த வாக்கியத்தை வாசித்தவள் யார் தெரியுமா, பெரியப்பா? நம் பழனாத்தாள். அவள் வாசித்த முதல் முழு வாக்கியம். அதை நம்பி ஊரே ஓடியிருக்கிறது, பெற்றவள் உட்பட.

முப்பது பொம்பளைகளும் வெறும் குடத்தோடு வாத்தியாரைக் கேட்கப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். ஜன்னலருகே போனதும் நான் நின்றுவிட்டேன். பிள்ளைகள் முன்னாலேயே திரும்பி வந்திருந்தார்கள். அவர் மலைப்பக்கத்துக்காரர், சின்னக்கானல் பக்கம் எஸ்டேட்டில் பிறந்தவர். "ஏ புள்ளைகளா, வெள்ளம் வந்தா ஊரே அழுவும். நீங்க என்னடான்னா சிரிச்சுக்கிட்டே குடம் தூக்குறீக!" என்றார். நம்மவள் எழுந்து, "தண்ணி வந்தா எதுக்குங் சார் அழுவோணும்?" என்று கேட்டாள். அவர் அதட்டவில்லை. சுண்ணாம்புக்கட்டியைக் கீழே வைத்தார். அப்புறம் மேசையோரம் உட்கார்ந்து சொன்னார்: "நான் நாலாப்பு படிக்கையில ஏழு நாளு விடாம மழ. ராவோட ராவா எங்க லயத்து வீட்டுக்குள்ள தண்ணி பூந்துருச்சு. எங்கம்மா ஒரு கையில என்னயத் தூக்கிக்கிட்டாக, இன்னொரு கையில அரிசிப்பான. என் கையில பாடப் புஸ்தகம் இருந்துச்சு. தண்ணியில போயிருச்சு. புஸ்தகம் போச்சேன்னு நான் அழுவுறேன், பான நனையலன்னு அவுக சிரிக்காக."

குடம் தூக்கிப் போன ஒவ்வொருத்தியும் குடத்தைக் கீழே இறக்கி வைத்தாள். கருப்பாத்தாள்கூட.

பிறகு அவர், வெள்ளம் வந்தால் எதை எடுத்துக்கொண்டு ஓடுவீர்கள் என்று சிலேட்டில் எழுதி, அவரவரே வாசிக்கச் சொன்னார். ஒருவன் ஆட்டுக்குட்டி என்றான், ஒருத்தி தம்பி என்றாள். பழனாத்தாள் தன் சிலேட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திக்கித் திக்கி வாசித்தாள்: "எங்கம்மாவோட தகரப்பொட்டி. அதுல புஸ்தகமிருக்குது. அம்மா தொறக்கறதேயில்ல. நனஞ்சா அழுவாங்க."

பெரியப்பா, கல்யாணமாகி வந்த நாளாக அந்தப் பெட்டியின் மேல் பருத்திக்கொட்டை மூட்டைதான் இருக்கிறது. பிள்ளைக்கு ஏன் படிப்பு இறங்கவில்லை என்று நான் ஊரையெல்லாம் கேட்டேன். என் கையில் புத்தகத்தை அவள் ஒரு நாளாவது பார்த்திருக்கிறாளா என்று என்னை நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து உறையில் இருந்த ஒரு வரியைக் கிழித்துப்போட்டு, மூட்டையை இறக்கினேன். பாதிப் புத்தகத்தைப் பூச்சி படித்து முடித்திருந்தது. மீதியை நானும் அவளும் தினம் விளக்கு வைக்கிற நேரத்தில் படிக்கிறோம். அவளுக்கு எல்லாவற்றையும் செய்துகாட்டியாக வேண்டும். நேற்றுப் படித்த பாட்டில் யானை வந்ததால் உங்கள் மாப்பிள்ளை தோட்டத்திலிருந்து வந்த களைப்போடு யானையாக நின்றார்.

ஆகையால் தங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது: திங்கட்கிழமை அவரை நிறுத்திவிட வேண்டாம். புகார் தவறு, எழுதியவள் அவசரக்காரி. இன்னொன்று. புகார் கொடுத்தது நான்தான் என்று அவருக்குத் தெரிந்தால் பள்ளிக்கூட வாசலில் நான் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. முந்தைய கடிதத்தையும் இதையும் அடுப்பில் போட்டுவிடவும். இந்த விஷயம் நம் இருவர் காதோடு போகட்டும்.

பெரியம்மாவுக்கு என் நமஸ்காரம். தங்கள் ஆசீர்வாதத்தில் கொஞ்சம் மழையும் சேர்த்து அனுப்பினால் எருமைகளும் வாழ்த்தும்.

தங்கள் அன்பு மகள்,
வசந்தாமணி

பி.கு. (8.3.1974, வெள்ளி): உங்கள் மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சி வரும்போது நேரில் கொடுக்கட்டும் என்று இந்தக் கடிதத்தை ஒட்டாமல் அலமாரியில் வைத்திருந்தேன். இன்றைக்குப் பள்ளியில் வீட்டிலிருந்து ஒரு கடிதம் கொண்டுவந்து வாசிக்க வேண்டுமாம். முதல் பக்கத்தில் சிவப்பு மையில் ஓர் ஒற்றெழுத்துச் சேர்ந்திருக்கிறதே, அது மிக்கேல்ராஜ் சார் போட்டது. திருப்பி எழுத நேரமில்லை, அப்படியே அனுப்புகிறேன். இனி அடுப்பில் போட்டும் பிரயோஜனமில்லை. ‘கூத்தாடி’ என்ற இடம் வந்ததும் பழனாத்தாள் நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாளாம். அவர், "வாசி தாயி, நிறுத்தாத. உங்கம்மா நல்லாத்தான் எழுதிருக்காக" என்றாராம். மொத்தக் கடிதத்தையும் ஓரிடத்தில்கூடத் திக்காமல் வாசித்து முடித்திருக்கிறாள்.