வாவியைப் பார்த்த வாசல்

எங்கள் ஊர் மாதா கோயிலின் வயதை இரண்டு தரம் கேட்டு ஒரே பதிலை வாங்கிய மனிதர் இந்த உலகத்தில் கிடையாது. பதில் சொல்கிறவர் சங்கிலித்தாம். கோயிலைத் திறந்து பூட்டி, மெழுகுதிரி கொளுத்தி, மணி அடிப்பவரை நாங்கள் அப்படித்தான் அழைப்போம். அவருடைய சொந்தப் பெயர் அவருக்கே நினைவிருந்ததோ தெரியாது.

வெள்ளைக்காரர் வந்தால் கோயில் போர்த்துக்கேயர் கட்டியது. இராணுவப் பெரியவர் வந்தால் கண்டி ராசா கட்டுவித்தது. பூசை வைக்கும் சுவாமி விசாரித்தால் மட்டும், "பழசு, சுவாமி" என்பார். குருமாருக்குப் பொய் சொல்லக் கூடாதாம்.

அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. நான்கு சுவர், ஓட்டுக்கூரை, மூக்கு உடைந்த மாதா சுரூபம், மணியாகத் தொங்கும் தண்டவாளத் துண்டு. ஒரே விசேஷம் வாசல். ரோட்டுக்கும் அதற்கப்பால் கடலுக்கும் முதுகைக் காட்டி வாவியைப் பார்த்திருக்கும். கோயில் பங்குச் சனத்தில் பாதி வாவிக்கு அப்பால், மேற்கே படுவான்கரையில். தோணியில் வந்து அந்த வாசலால்தான் ஏறுவார்கள். சண்டை இறுகியபின் தோணிகள் நின்றுபோயின. சங்கிலித்தாம் மட்டும் ஞாயிறுதோறும் வாசலில் குந்தித் தண்ணீரைப் பார்த்தபடி இருப்பார். சுவாமி உள்ளேயிருந்து பலதரம் செருமிய பிறகே மணி அடிக்க எழும்புவார்.

சுனாமி கோயிலின் பின்சுவரை உடைத்து, சனம் உட்காரும் வாங்குகளை வாவிக்குள் தள்ளிவிட்டுப் போனது. சனங்களைப் புதைத்துக் களைத்துப்போய் நாங்கள் அங்கே உட்கார்ந்திருந்தோம்.

"பாத்தியா மனே, கடல் பின்பக்கத்தால வந்து முன்வாசலால போயிருக்கு. வளப்புச் சரியில்ல" என்றார் சங்கிலித்தாம்.

அன்றைக்குத்தான் மறுபடி சிரித்தோம்.

பிறகு உதவி நிறுவன எஞ்சினியர் ஒருவர் வந்தார். திருத்தித் தருகிறோம், ஆனால் இந்த வாசலை அடைத்துவிட்டு ரோட்டுப் பக்கம் புதிதாக வைப்போம் என்றார்.

"தோணியால வாற ஆக்களுக்கு முதுகையா காட்டுற?" சங்கிலித்தாம் கேட்டார்.

"ஐயா, தோணி ஒண்டும் வாறதில்லையே."

சங்கிலித்தாம் வாவியைப் பார்த்தார். பிறகு வாசல் நிலையைத் தடவினார்.

"தம்பி, இது போர்த்துக்கேயர் வைச்ச நிலை. கை வைச்சா அரசாங்கம் உங்களப் பிடிச்சி உள்ள போடும்."

எஞ்சினியர் என் பக்கம் திரும்பினார். "அவ்வளவு பழசா?"

அந்த நிலையைச் செய்தது தச்சு வேலை செய்த என் அப்பா. நானோ நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவன். சங்கிலித்தாமின் கண் என்னைக் கெஞ்சியது.

"ஓம்" என்றேன். "அப்பாவும் சொல்லுவார்."

வாசல் தப்பியது.

சண்டை முடிந்து படுவான்கரைச் சனம் ஒரு ஞாயிறு வந்தது. எல்லோரும் அல்ல, மிஞ்சியவர்கள். தோணியிலும் அல்ல, பஸ்ஸில். ரோட்டில் இறங்கி, சுவரைச் சுற்றி, மணலில் கால் புதைய வாவிப் பக்கம் நடந்தார்கள். அங்கே சங்கிலித்தாம் தண்ணீரைப் பார்த்தபடி குந்தியிருந்தார். சத்தம் கேட்டுத் திரும்பினார்.

"கடலப் போல பின்பக்கத்தால வாறீங்க. உங்களுக்கும் வளப்புச் சரியில்ல" என்று ஏசிவிட்டு மணி அடிக்க ஓடினார். அன்றைக்குச் சுவாமி செரும வேண்டியிருக்கவில்லை. நிறுத்தச் சொல்லித்தான் ஆள் அனுப்பவேண்டி வந்தது.

இப்போது அவர் இல்லை. ரோட்டுப் பக்கமும் ஒரு கதவு வைத்துவிட்டார்கள். என் முழங்காலுக்கு அதுதான் வசதி. ஆனாலும் மணலில் சுற்றிக்கொண்டு வாவிப் பக்கத்தால்தான் போகிறேன். வளர்ப்புச் சரியில்லை என்று அந்த மனிதரிடம் பேச்சு வாங்க எனக்கு விருப்பமில்லை.