சீனிமுகம்மதுவின் ஹிந்தி

"இதில கீழ தமிழ் எழுத்தும் ஓடுமாம் மச்சான்!" என்று கொழும்பில் வாழ்க்கைப்பட்ட கொழுந்தி ஸுல்பிகா அந்தச் சீடியை நீட்டியதும், சீனிமுகம்மதுவுக்குக் குடித்த பிளேன்ரீ மூக்கால் வந்தது.

"தமிழ் எழுத்தா?"

"ஓம். நீங்க ஒவ்வொரு பெருநாளைக்கும் தமிழில கதை சொல்ற அதே ஹிந்திப் படந்தான். ஏதோ நாவல வெச்சு எடுத்ததாமே. இனி நீங்க தொண்டை கிழியக் கத்தத் தேவல்ல."

வழிநெடுகச் சோதனைச் சாவடிகளில் பையைக் கவிழ்த்துக் கொட்டுகிற ஆமிக்காரன் இந்தச் சீடியை மட்டும் ஏன் விட்டான், பாழாய்ப் போவான் என்று சீனிமுகம்மது உள்ளுக்குள் திட்டினார்.

விசயம் இதுதான். மனிசனுக்கு ஹிந்தியில் ஒரு மண்ணும் தெரியாது. ஹிந்திக்காரர் நிறைந்த சவூதியில் ஆறு வருசம் இருந்தவருக்கு ஹிந்தி தெரியாமல் போகுமா என்பது ஊரின் தீர்ப்பு. அவர் இருந்ததோ பாலைவனத்து ஆட்டுப்பட்டியில். அங்கே அவரோடு கதைத்ததெல்லாம் ஆடுகள்தான். வந்து இறங்கி, அத்தர் பூசிக்கொண்டு, "நான் ஆடு மேய்ச்ச" என்று யார்தான் சொல்வார்கள்?

சுனாமிக்குப் பிறகு, கூடாரத்தில் இருந்த காலத்தில், யாரோ கொடுத்த டீவியில், கூடவே வந்த சீடியில், அந்தப் பழைய காதல் படம் ஓடியது. "காக்கா, என்ன சொல்றான்?" என்று பெண்டுகள் கேட்கக் கேட்க, இவரும் வாய்க்கு வந்ததை அளந்துவிட்டார். கடைசியில் வெள்ளம் புரளும் ஆற்றில் கதாநாயகனின் தோணி கவிழ்ந்தது. ஆள் முடிந்தான் என்று பச்சைப் பிள்ளைக்கும் விளங்கும்.

ஆனால் முன்னுக்கே சபியா உம்மா இருந்தா. அவவின் ஒரே மகன் மஜீட்டைக் கடல் கொண்டுபோயிருந்தது. அடக்க ஒரு மையித்துக்கூடக் கிடைக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்ததும் சீனிமுகம்மதுவின் நாக்குப் புரண்டுவிட்டது.

"நீந்திக் கரையேறிட்டான்!"

"அப்ப அவள் ஏன் வெள்ளைச் சாறியோட அழுறாள்?"

"அது கலியாணச் சாறி. அந்த ஊர்ல அப்படித்தான் அழுவாங்க."

கூடாரம் போய் வீடு கிடைத்த பிறகும் பெருநாளைக்குப் பெருநாள் அதே படம், அதே பொய். தோணி கவிழ்ந்ததும் சபியா உம்மா தவறாமல் கேட்பா: "தம்பி, அவன் கரைக்கு வந்திட்டானா?"

"வந்திட்டான் ராத்தா."

பாவம், மறதி என்று இவர் நினைத்துக்கொள்வார்.

இன்றைக்கும் பெருநாள். அஸர் தொழுகைக்குப் பிறகு எல்லாரும் வந்துவிடுவார்கள். சீனிமுகம்மது சீடியைக் கொண்டுபோய் அரிசி வாளிக்குள் புதைத்தார். கொஞ்ச நேரத்தில் மனைவி ஸம்றா அரிசி அளக்கும் சுண்டு ஒரு கையிலும் சீடி மறு கையிலுமாக வந்து நின்றாள்.

"சீடிய யாராவது அரிசிக்குள்ள வைப்பாங்களா?"

"ஈரம் புடிக்காம இருக்கட்டுமெண்டுதான்."

"அவ்வளவு பெறுமதியான சாமானா? அப்ப கட்டாயம் போட்டுப் பாக்கணும்."

பிறகு டீவியின் பின்னால் ஒரு வயரைப் பிடுங்கிவிட்டு, "இது பழுது" என்றார். ஸம்றா பக்கத்து வீட்டு டீவியைத் தூக்கிவரச் செய்தாள். அது இதைவிட இரண்டு மடங்கு பெரிசு. டீவியோடு அந்த வீட்டுக் குடும்பமும் வந்து குந்தியது. இனி எழுத்தெல்லாம் கடைப் பலகை மாதிரித் தெரியும்!

வேறு வழியில்லை. சீனிமுகம்மது இடுப்பில் கட்டுகிற தன் பெருநாள் சாரத்தைக் கொடியிலிருந்து எடுத்து டீவியின் கீழ்ப்பாதியில் தொங்கவிட்டார்.

"என்ன காக்கா இது?"

"நடிகைட கெண்டைக்கால் தெரியுது. பெருநாளும் அதுவுமா, அஸ்தஃபிருல்லாஹ்!"

"நாங்களும் பொம்புளைகள்தானே. எங்களுக்கென்ன?"

"பாவம் ஆருக்கும் பாவந்தான்."

"இப்ப படத்தில ஒருத்தருக்கும் இடுப்புக்குக் கீழ ஒண்டுமில்ல காக்கா!"

சிரிப்புக்கு நடுவே படம் ஓடியது. சீனிமுகம்மது ஒரு கையால் சாரத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையை ஆட்டி ஆட்டிக் கதை சொன்னார். அல்லாஹ் காப்பாற்றினான் என்றுதான் இருந்தது. தோணி கவிழ்ந்தது.

"தம்பி, அவன் கரைக்கு வந்திட்டானா?"

"வாறான் ராத்தா! இந்தா, நீந்துறான்!" என்று உசார் தலைக்கேறி இரண்டு கையாலும் நீந்திக் காட்டினார். சாரம் கையோடு வந்துவிட்டது.

திரையில் மஞ்சள் எழுத்து: ஐயோ, அவனை ஆறு கொண்டு போய்விட்டதே!

ஸம்றா தலையைக் குனிந்துகொண்டாள். சீனிமுகம்மதுவுக்கு நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல வெட்கம் பிடுங்கியது. ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். பிள்ளையைப் பறிகொடுத்தவளை இத்தனை பெருநாளும் ஏமாற்றிவிட்டேனே, அந்த முகத்தை இனி எப்படிப் பார்ப்பது?

"எனக்கு ஹிந்தி தெரியா," என்றார், தரையைப் பார்த்து. "நான் அங்க ஆடு மேய்ச்ச. சொன்னதெல்லாம் பொய். ராத்தா, என்ன மன்னிச்சிக்கங்க."

சபியா உம்மா எழும்பி வந்து, கீழே கிடந்த சாரத்தை உதறி, மறுபடி டீவியில் தொங்கவிட்டா.

"இந்தப் படத்துட கதைப்புத்தகத்தத் தமிழில நாங்க எல்லாரும் சுனாமிக்கு முந்தியே வேலிக்கு மேலால மாத்தி மாத்தி வாசிச்சிட்டம் தம்பி, அவன் மௌத்தாகிறது எங்களுக்குத் தெரியும், நீங்க சொல்லுங்க, அவன் கரைக்கு வந்திட்டானா?"