கதவைப் பார்த்து உட்காரும் டெய்ரி ஆன்ட்டி

ஆபத்தான இடத்தில் சந்தோஷமாக இருக்கும் ஒருவரைப் பத்திரமான இடத்தில் கொண்டுபோய் விடுவது உதவியா, துரோகமா? இங்கிலாந்து போய்வந்து நாலு மாதம் ஆகிறது. எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. பாத்திரம் கழுவும்போது உதவி என்று தோன்றுகிறது. துணி மடிக்கும்போது துரோகம் என்று தோன்றுகிறது.

ஒன்று மட்டும் நிச்சயம். ஆக்லாந்தில் டெய்ரி ஆன்ட்டியைத் தெரியாத தமிழர் யாராவது இருந்தால், அவர் இன்னும் விமானத்தை விட்டு இறங்கவில்லை என்று அர்த்தம். இங்கே டெய்ரி என்றால் மாட்டுப்பண்ணை இல்லை. ரொட்டி, ஐஸ்கிரீம், பேட்டரி, பிறந்தநாள் வாழ்த்து அட்டை எல்லாம் விற்கும் தெருமுனைக் கடை. ஒனிஹங்காவில் அப்படி ஒரு கடையை இருபத்திரண்டு வருஷமாகத் தனியாக நடத்துகிறார் இந்த யாழ்ப்பாணத்துப் பெண்மணி. அவருடைய சொந்தப் பெயர் அவருக்கே மறந்துவிட்டது. விமான நிலையத்தில் ஒருவர் பாஸ்போர்ட்டைப் பார்த்து உரக்கப் பெயர் சொல்லி அழைத்தபோது, "ஆரையோ கூப்பிடினம்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

அவர் கடையில் பணத்தைக் கொடுத்தால் பொருள் கிடைக்கும் என்று நினைக்கக் கூடாது. மாட்டிறைச்சி அடைத்த 'பை' பலகாரம் கேட்டு வருகிற கட்டட வேலைக்காரரிடம், டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்பார். அவர் தலையைக் குனிந்தால் வாழைப்பழம்தான் கையில் வரும். அவ்வளவு பெரிய மனிதர் வாழைப்பழத்தோடு வெளியே போவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நான் முதன்முதலாக அங்கே போனபோது என் மகனுக்கு ஆறு வாரம். இணையத்தில் படித்துப் படித்துக் குழம்பி, மூன்று விதமான பால்புட்டிகளைக் கூடையில் போட்டிருந்தேன். அவன் அழுதுகொண்டிருந்தான், நானும்தான். ஆன்ட்டி இரண்டு புட்டிகளை எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தார்.

"பிள்ளை அழுவான். நீயும் அழுவாய். மாறி மாறி அழுங்கோ, ஒண்டாய் அழாதேங்கோ."

நான் படித்த எந்தக் குழந்தை வளர்ப்புப் புத்தகத்திலும் இவ்வளவு உருப்படியான வாக்கியம் இல்லை.

போன வருஷம் ஒரு மத்தியானம் நான் தள்ளுவண்டியோடு கடையில் நின்றபோது, முகத்தை மூடிய இரண்டு ஆண்கள் உள்ளே வந்தார்கள். ஒருவன் கையில் ஸ்க்ரூடிரைவர். சிகரெட் முழுவதையும் எடுத்துப் போடு என்றான். இங்கே சிகரெட்டுக்குத் தங்கத்தின் விலை. நான் தள்ளுவண்டியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். ஆன்ட்டி அவனை மேலும் கீழும் பார்த்து, முதலில் கதவைச் சாத்து, குழந்தைக்குக் குளிர்காற்று படுகிறது என்று ஆங்கிலத்தில் அதட்டினார். அவன் திரும்பிப் போய்க் கதவைச் சாத்தினான். அப்புறம் இருவரும் கை நிறைய சிகரெட்டை அள்ளிக்கொண்டு ஓடப் பார்த்தால், கதவைத் திறக்கக் கை இல்லை. பாதியைக் கீழே கொட்டிவிட்டுத்தான் போனார்கள். ஆன்ட்டி குனிந்து பொறுக்கிக்கொண்டே, நான் சாப்பிட்டேனா என்று விசாரித்தார்.

இந்தச் செய்தி போலீசுக்குப் போவதற்கு முன்பே இங்கிலாந்துக்குப் போய்விட்டது. ஆன்ட்டிக்கு ஒரே மகள், கௌரி. ஆக்லாந்தில், எல்லர்ஸ்லியில், நானும் அவளும் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள். அந்தப் பழக்கத்தில்தான் அவள் அம்மா கடை எனக்கு அறிமுகம். கல்யாணமாகி இங்கிலாந்து போய்விட்டாள். என் கணவருக்கு லண்டனில் மூன்று வார வேலை வந்ததும் கௌரி என்னை அழைத்தாள். எல்லாரும் அவள் வீட்டில்தான் தங்க வேண்டும், அம்மாவையும் கூட்டி வர வேண்டும். கணவர் வேலைக்குப் போனபின் மகனைத் தனியாகச் சமாளிக்கப் பயமாக இருக்கிறது, துணைக்கு வாருங்கள் என்று நான் சொன்னால் அம்மா மறுக்க மாட்டாள். வந்த பிறகு திருப்பி அனுப்பப் போவதில்லை. நான் செய்ய வேண்டியது, அந்த ஊரைப் புகழ்ந்துகொண்டே இருப்பது.

நான் யாருக்கும் முடியாது என்று சொன்னதில்லை. என் மூன்று வயது மகனுக்கு அந்தச் சொல் நன்றாக வரும், எனக்கு வராது. சரி என்றேன்.

தேம்ஸ் நதி கௌரி குடியிருக்கும் புறநகருக்கு வரும்போது, யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல் ஓரமாக நடந்து போகிறது. கரையில் நீரைத் தொடும் மரங்கள், வெள்ளை பெயின்ட் அடித்த படகுக் கொட்டகை, வரிசையாகச் செங்கல் வீடுகள். தெருவில் கார்களைத் தவிர வேறு யாரும் குடியிருப்பதாகத் தெரியவில்லை. பறவைகள்கூட அனுமதி வாங்கித்தான் கூவும் போலிருந்தது.

முதல் நாள் காலையிலேயே ஆன்ட்டி ஆற்றைப் பார்த்துப் போட்டிருந்த சாய்வு நாற்காலியைத் திருப்பி, வாசல் கதவைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"அம்மா, ஆறு அந்தப் பக்கம்" என்றாள் கௌரி.

"ஆறு என்னட்டை என்ன வாங்கப் போகுது?"

பார்சல் கொண்டுவந்தவன் மணியடித்ததும் துள்ளி எழுந்து, வா ராசா, என்ன வேண்டும் என்று கேட்டார். அவனுக்கு ஒரு கையெழுத்துதான் வேண்டும். கிடைத்தது, கூடவே இரண்டு ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும். அதற்கப்புறம் மணியடிக்க யாரும் வரவில்லை. ஆன்ட்டி கதவைத் திறந்து திறந்து பார்த்தார். அந்த வீட்டு வாசலில் கேமரா இருந்தது. யாராவது அசைந்தால் அலுவலகத்தில் இருக்கும் கௌரியின் போனுக்குத் தகவல் போகும். அன்று நாற்பத்தொரு தகவல். எல்லாவற்றிலும் அவள் அம்மாவின் மூக்கு.

நான் என் கடமையைச் செய்தேன். மருந்துபோல் மூன்று வேளையும், சாப்பாட்டுக்குப் பின், ஊரைப் புகழ்ந்தேன். மாலையில் ஆற்றங்கரைக்கு அழைத்துப்போனேன். எட்டுப் பெண்கள் ஒரு நீளப் படகில் துடுப்புப் போட்டுப் போனார்கள். கடைசியில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்து அவர்களை விரட்டிக்கொண்டிருந்தாள். எவ்வளவு அழகு பாருங்கள் ஆன்ட்டி என்றேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எட்டுப் பேரும் போற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாடுபடுகினம். ஒராள் வேலை செய்யாமல் கத்துது. எங்கட கோயில் கமிட்டி."

அன்னங்கள் விஷயம்தான் விவகாரமானது. மிஞ்சிய புட்டை ஆன்ட்டி ஆற்றில் இரண்டு அன்னங்களுக்குப் போட்டார். மறுநாள் ஐந்து வந்தன. மூன்றாம் நாள் அவை ஆற்றை நம்பாமல், ஈரக்காலோடு தெருவில் நடந்து கௌரி வீட்டு வாசலுக்கே வந்துவிட்டன. அன்று பிற்பகல் தபால் துவாரம் வழியாக ஒரு கடிதம் விழுந்தது. மிகவும் மரியாதையான கடிதம். பறவைகளுக்குச் சமைத்த உணவு தர வேண்டாம், வாசலில் நின்று போகிறவர் வருகிறவரை அழைப்பதையும் சற்றுக் குறைத்துக்கொண்டால் தெருவாசிகள் நன்றியுடன் இருப்பார்கள். கையெழுத்து இல்லை. கௌரிக்கு அவமானத்தில் முகம் சிவந்தது. நான் பத்து முறை மன்னிப்புக் கேட்டேன், யாரிடம் என்று தெரியாமலே.

ஆன்ட்டி என்னை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு அதன் அடியிலேயே பெரிய ஆங்கில எழுத்தில், தயவுசெய்து வந்து நேரில் சொல்லுங்கள், தேநீர் தயார் என்று எழுதி, வெளிக் கேட்டில் ஒட்டினார். நிஜமாகவே தேநீர் போட்டார். ஏலக்காய் தட்டி, நல்ல கோப்பைகளை எடுத்துவைத்து, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து காத்திருந்தார். மூன்று நாள். தெருவே அந்தத் தாளைப் படித்துவிட்டுப் போனது. ஒருவரும் மணியடிக்கவில்லை. மூன்றாம் நாள் மாலை ஆறிப்போன தேநீரைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, கோப்பைகளைத் துடைத்து உள்ளே வைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் கௌரி ஒரு பத்திரத்தையும் பேனாவையும் வைத்தாள். ஆக்லாந்தில் பாட்டனி டவுன்ஸில் இருக்கும் ஒரு குடும்பம் கடையை வாங்கத் தயார். அம்மா கையெழுத்துப் போட்டால் போதும். ஆன்ட்டி அதைப் படிக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"உனக்கு முதலே தெரியுமோ, பிள்ளை?"

"தெரியும் ஆன்ட்டி."

"அதுதானோ மூண்டு நேரமும் இந்த ஆத்தைப் புகழ்ந்தனி?"

கௌரி பொறுமையாகத்தான் பேசினாள். போன் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் அம்மாவுக்கு என்ன ஆயிற்றோ என்று நெஞ்சு நின்றுவிடுகிறது என்றாள். தனக்கு இருப்பது ஒரு அம்மாதான் என்றாள். அதில் ஒரு சொல்லையும் என்னால் மறுக்க முடியவில்லை. நாளைக்கு நான் வயதாகி எங்கோ தனியாக இருந்தால் என் மகனும் இப்படித் தவிப்பானா என்றுகூட நினைத்தேன்.

ஆன்ட்டி பேனாவின் மூடியைப் போட்டு மூடினார்.

"அங்க கள்ளன் வந்தவன். ஓம். ஆனா வந்தவன். இஞ்ச தேத்தண்ணியோட மூண்டு நாள் இருந்தனான், ஒரு கள்ளன்கூட வரேல்லை. நான் கடையை விக்கமாட்டன்."

கௌரி என் பக்கம் திரும்பினாள். "அண்டைக்கு நீயும் கடையில நிண்டனி. எவ்வளவு பயந்தனி எண்டு அவவுக்குச் சொல்லு."

இதற்காகத்தானே என்னை வரவழைத்தாள். வாயைத் திறந்தேன்.

"ரொம்பப் பயந்தேன் கௌரி. இப்பவும் பயம்தான். ஆனா ஆன்ட்டி எங்ககூடத்தான் திரும்பி வர்றாங்க."

என் குரல்தானா என்று என் கணவர் நிமிர்ந்து பார்த்தார். கௌரி பத்திரத்தை மடித்தாள். "நாளைக்கு ஏதும் நடந்தா நீதான் எனக்குப் பதில் சொல்லோணும்" என்றாள். அதன் பிறகு என்னோடு பேசவில்லை.

ஆக்லாந்தில் இறங்கிய மறுநாள் காலை ஏழு மணிக்கு ஆன்ட்டி கடையைத் திறந்தார். தூக்கக் கலக்கத்தில் ஒருவருக்குக் கேட்டதை அப்படியே கொடுத்துவிட்டதாகக் கேள்வி. அவர் பயந்துபோய், உடம்புக்கு என்ன என்று விசாரித்தாராம்.

போன வாரம் கடையின் முன்கண்ணாடியை யாரோ உடைத்திருக்கிறார்கள். ஆன்ட்டி வருவதற்கு முன்பே நடந்துவிட்டது. ஆளுக்கு ஒன்றும் இல்லை. நான் போனபோது கண்ணாடித் தூளைக் கூட்டிக்கொண்டிருந்தார். "கௌரிக்குச் சொல்லிப்போடாதை. அவ பயந்திடுவா" என்றார். சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினேன். அதற்கு இரண்டு நாள் கழித்து, இத்தனை மாதத்துக்குப் பிறகு, கௌரியிடமிருந்து செய்தி வந்தது. "அம்மா சுகமோ? உண்மையைச் சொல்லு." பதில் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது தினமும் மூன்று மணிக்குக் கடைக்குப் போகிறேன். காவலுக்கு வந்திருக்கிறேன் என்று சொன்னால் வெளியே தள்ளிவிடுவார், அதனால் பால் வாங்குகிறேன். குளிர்சாதனப் பெட்டியில் ஒன்பது போத்தல் நிற்கிறது. தயிர் தோய்த்தாயிற்று, பாயசம் வைத்தாயிற்று, பால்கோவா கிண்டி அக்கம்பக்கம் கொடுத்தாயிற்று. பாலுக்கு யோசனை வேண்டாம், அதை நான் வாங்கிக்கொண்டுதான் இருப்பேன். கௌரிக்கு என்ன எழுதுவது என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.