பேராக்கில் இல்லாத ஆள்

கடைக்கு மேலே மாட்டிய பலகையை மறுநாளே நீலக் கன்வாஸ் போட்டு மூடவேண்டியதாயிற்று. அதில் காரைக்குடி மாஸ்டர் பழனியப்பன், கரண்டியும் கையுமாக ஆள் உயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். அசல் பழனியப்பனோ இன்னும் காரைக்குடியில்தான் இருந்தார்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், கோப்பெங்கில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை நடத்தும் அப்பாவு என்பவருக்கு, எதிர்க்கடைக்காரன் இந்தியாவிலிருந்து மாஸ்டரை இறக்கிய நாள் முதல் தூக்கமில்லை. கல்யாண ஆர்டரெல்லாம் ஒவ்வொன்றாகச் சாலையைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. இன்னும் நாலு ஆர்டர் போனால் கடையைச் சாத்த வேண்டியதுதான். சட்டத்துக்காக உள்ளூரில் ஒரு விளம்பரம் கொடுத்துவிட்டு, தானும் ஒரு மாஸ்டருக்கு வேலை விசா கேட்டார். விசாவுக்கு முன் பலகை வந்தது. பலகைக்குப் பின் தொழிலாளர் இலாகாவின் கடிதம் வந்தது.

'நீங்கள் கொடுத்த விளம்பரத்தைப் பார்த்துத் தகுதியான உள்ளூர் ஆள் ஒருவர் விண்ணப்பித்திருக்கிறார். அவரைக் கூப்பிட்டுக்கூடப் பார்க்காததால் உங்கள் மனு நிராகரிக்கப்படுகிறது. மேல்முறையீட்டுக்குப் பதினான்கு நாள்.'

"எவன் போட்டான்? பேருகூட இல்லையே! எதிர்க்கடைக்காரன் வேலைதான் லா இது!"

ஈப்போவிலிருந்து சுபேசனை வரவழைத்தார். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பத்து வருடமாகியும் ரப்பர் ஸ்டாம்பின் வாசனை போகாத மனிதர். அப்பீல் எழுதுவதில் கெட்டிக்காரர்.

"பேராக்கில இல்லாத ஆளைக் கேட்டால், பேராக்கில கிடைக்க மாட்டான். நிபந்தனையைக் கூட்டி விளம்பரத்தைத் திரும்பப் போடுங்கோ" என்றார் சுபேசன். "ஒரு மாஸ்டர் என்னென்ன செய்வார்?"

அப்பாவுக்கு வெந்நீர் வைக்கவும் தெரியாது. கல்லாவிலிருந்து அடுப்படியை எட்டி எட்டிப் பார்த்துச் சொன்னார்.

"காலையில நாலு மணிக்கு எந்திரிக்கணும். நாப்பது வகை கறி தெரியணும். மசாலாவைக் கடையில வாங்கக் கூடாது. ஐநூறு பேருக்கு ஒத்த ஆளா ஆக்கணும். வெள்ளிக்கிழமை விரதத்தோட, ருசி பாக்காமலே ஆட்டுப் பிரட்டலுக்கு உப்புப் போடணும்."

சுபேசனின் பேனா நின்றது. "இவ்வளவையும் ஒரு ஆளோ செய்யிறது?"

"ஒரு ஆளுதான் ஐயா."

"அப்ப சம்பளத்தையும் பெரிசாப் போடவேணும். இல்லாட்டி இலாகா நம்பாது."

"பேப்பர்லதானே? போடுங்க லா!"

மாதச் சம்பளம் ஐயாயிரம் வெள்ளி. இ.பி.எஃப். சேமநிதி. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. விதிப்படி ஒரு பிரதியை வேலை செய்யும் இடத்தில் ஒட்ட வேண்டுமாம். அடுப்படிச் சுவரில் ஒட்டினார்கள்.

பத்தாம் நாள் இலாகா அதிகாரி கௌசிகா தொலைபேசியில் வந்தார்.

"அங்கிள், அதே ஆள் மறுபடி அப்ளை பண்ணியிருக்காங்க. எல்லா நிபந்தனையும் ஒத்து வருது."

"வெள்ளிக்கிழமை விரதமுமா?"

"அதுவும்தான். புதன்கிழமை நேர்ல வாரேன். அவங்களையும் ரெண்டு மணிக்கு வரச் சொல்லிட்டேன். சோதிச்சுப் பாத்துடலாம்."

அப்பாவு தலையில் கை வைத்துக்கொண்டார். சுபேசன் அசரவில்லை.

"முதல்ல உங்கட சாப்பாட்டை அதிகாரிக்குப் போடுங்கோ. மோசமாப் போடுங்கோ. இந்தக் கடைக்கு வெளிநாட்டு மாஸ்டர் வேணும் எண்டு நாக்கே சொல்லட்டும்."

புதன்கிழமை காலை அப்பாவு அடுப்படிக்குள் தலையை நீட்டினார்.

"இந்தா, இன்னிக்கு எல்லாத்துலயும் உப்பை அள்ளிப் போடு."

"என்னங்க, வாரவங்க வயித்துலயா வெளாடுறது?" என்று மட்டும் கேட்டாள் அவர் மனைவி பாப்பா. தோட்டத்துக் கல்யாணங்களுக்கு ஆக்கி வளர்ந்த கை அது. உப்பை அளவாய்ப் போட்டது, அள்ளிப் போடவில்லை.

கௌசிகா சாப்பிட்டார். நண்டுப் பிரட்டலை இரண்டாம் முறை கேட்டார். ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தார். கடைசியில் இலையைத் தன் பக்கமாக மடித்தார். வேறு எந்த நாளாக இருந்தாலும் அந்த மடிப்பைப் பார்த்து அப்பாவு பூரித்திருப்பார். இன்று சுபேசனை முறைத்தார்.

"இதெல்லாம் யாரு ஆக்குனது அங்கிள்?"

"யாரும் இல்ல மேடம். சும்மா, வீட்டு ஆளு."

கௌசிகா கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டு பத்தாச்சு. அப்ளை பண்ணவங்களைக் காணோமே?"

அப்பாவுக்கு உயிர் திரும்பியது. "நான் சொல்லல? அப்படி ஒரு ஆளே கிடையாது மேடம்! பேராக்குலயே கிடையாது! ஐயா, அந்தக் கன்வாஸை அவுருங்க!"

சுபேசன் கயிற்றை இழுத்தார். பழனியப்பன் வெயிலில் பளபளவென்று சிரித்தார்.

அப்போது அடுப்படிக் கதவு திறந்தது. பாப்பா ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே வந்து, தன் அடையாள அட்டையை அதிகாரி முன் வைத்துவிட்டு, கல்லாப் பக்கம் திரும்பினாள்.

"பாத்திரம் கழுவுனதுல பத்து நிமிசம் லேட்டாயிருச்சு பாஸ், என்னிக்கு வேலைக்குச் சேரணும்?"