பிழையே விடாத எமிலியானுஸ்

சனிக்கிழமை காலை முகம் மழித்துக்கொண்டிருந்தபோது எமிலியானுஸ் ஒரு முடிவுக்கு வந்தார். இன்றைக்கு மச்சானை வெல்வது. கையால் அல்ல, வாயால் அல்ல. கணக்கால்.

விஷயம் இதுதான். எங்கள் நகரின் அஹுன்ட்சிக் பகுதியில் ஆற்றங்கரைப் பூங்கா ஒன்றில் கோடை முழுவதும் நம்மவர்கள் பேஸ்போல் விளையாடுகிறார்கள். எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். முழங்காலில் பட்டி கட்டாத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பந்து கொஞ்சம் பெரிது, கொஞ்சம் மெது. ஆவேசத்தில் மட்டும் குறைச்சல் இல்லை. இந்த வருசம் ரொறன்ரோக் கிழவர்கள் போட்டிக்கு அழைத்திருந்தார்கள். போட்டி நாளைக்கு. போகிற வான் வண்டியில் ஒன்பது இருக்கை. எட்டுப் பேர் முடிவாகிவிட்டது. ஒன்பதாவது இடம், அதாவது களத்தின் இடது கோடியில் நின்று பறந்து வரும் பந்தைப் பிடிக்கிற இடம், இரண்டு பேருக்கு நடுவில் தொங்கியது.

ஒருவர் எமிலியானுஸ். டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கி ஓய்வு பெற்றவர். மற்றவர் அவருடைய மனைவி அஞ்சலீனாவின் தம்பி, கிறிஸ்தோப்பர். கோடை முழுக்க இருவரும் மாறி மாறி அந்தக் கோடியில் நின்றவர்கள்.

அணித்தலைவர் தனோஜன் கையை விரித்துவிட்டார். "நீங்கள் அத்தானும் மச்சானும். வீட்டுக்குள்ளை கதைச்சு ஒரு ஆளைச் சொல்லுங்கோ. இந்தப் பாவம் எனக்கு வேண்டாம்."

எமிலியானுஸ் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு குசினிக்குள் போனார். அஞ்சலீனா லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"இஞ்சரும், ஒரு கேள்வி."

"கேளுங்கோ. கைக்குத்தான் வேலை, காது சும்மா கிடக்கு."

"இந்தக் கோடை முழுக்க நான் எத்தினை பிழை விட்டனான்?"

"களத்திலையோ, வீட்டிலையோ?"

"களத்திலை!"

"ஒண்டும் இல்லை."

"உம்மடை தம்பி?"

"அவன் கொஞ்சம் விட்டவன்."

"கொஞ்சமோ? எட்டு! கைக்குள்ளை வந்த பந்தைக் கீழை போட்டது எட்டுத்தரம். நான் ஒண்டு கூடப் போடேல்லை. இப்ப சொல்லும், ஆர் திறம்?"

அஞ்சலீனா கத்தியைக் கீழே வைத்தாள்.

"பந்து கைக்குள்ளை வந்தால்தானே கீழை போடலாம்? அவன் ஓடிப்போய், விழுந்து எழும்பிப் பிடிக்கப் பாத்துப் போட்டவன். நீங்கள் நிண்ட இடத்திலை நிண்டு கையை ஆட்டினீங்கள்."

இது எமிலியானுஸின் நெஞ்சில் தைத்தது. காரணம், அது உண்மை. ஊரில் பள்ளிக்கூடத்தில் அவர் விளையாடியது கிரிக்கெட். கிரிக்கெட்டில் எல்லைக் கயிறு உண்டு. பந்து நம்மைத் தாண்டிக் கயிற்றை அடைந்தால் நாலு ஓட்டம். கையை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினால் கதை முடிந்தது. யாராவது பந்தை எடுத்துத் தருவார்கள். இந்தப் பூங்காவில் கயிறு இல்லை. பந்து உருண்டுகொண்டே போகும். அடித்தவர் எல்லா மூலையையும் சுற்றி வந்து, தண்ணீர் குடித்து, வாயையும் துடைத்துக்கொள்வார். அதுவரை எமிலியானுஸ் கையை ஆட்டிக்கொண்டு நிற்பார்.

"அது பழக்கதோசம். ஒண்டு ரெண்டு தரம் நடந்திருக்கும்," என்றார்.

"ஒண்டு ரெண்டோ! உங்களைப் பாத்துப் போன கிழமை ஒரு வெள்ளைக்காரப் பெடிச்சி திருப்பிக் கையைக் காட்டிச்சுது. ஆரோ தெரிஞ்ச மனுசன் எண்டு நினைச்சிருக்கும்."

"நீர் அக்கா! தம்பி பந்தைப் போட்டாலும் உமக்குப் பூப் போட்ட மாதிரித்தான் தெரியும். எனக்குப் பக்கம் பாக்காத ஒரு கண் வேணும்."

பக்கம் பார்க்காத கண் மாடியிலேயே குடியிருந்தது. சேகர். சென்னைப் பையன், கணினி நிறுவனத்தில் வேலை. மாலையானால் தொலைக்காட்சியில் பேஸ்போல் பார்த்துக்கொண்டு தனியாகக் கத்துவான். மீன் குழம்பு கொதித்தால் அழைக்காமலே இறங்கி வருவான். அன்றைக்கும் வந்தான்.

எமிலியானுஸ் வழக்கை எடுத்து வைத்தார். சேகர் கண் மின்ன உட்கார்ந்தான்.

"அங்கிள், பிழைய மட்டும் எண்றது பழைய கணக்கு. பந்துகிட்டயே போகாதவன் பிழையே பண்ண மாட்டான். இப்போ புதுசா ஒண்ணு இருக்கு. ஒவ்வொரு பந்தும் எவ்வளவு நேரம் காத்துல இருந்துச்சு, ஆள் எவ்வளவு தூரத்துல நின்னாரு, எல்லாத்தையும் அளப்பாங்க. சாதாரண ஆளுங்க பத்துல ஒம்போது தடவை பிடிக்கிற பந்தை நீங்க விட்டா, உங்களுக்குப் பெரிய மைனஸ். யாருமே பிடிக்க முடியாத பந்தைப் பிடிச்சா பெரிய பிளஸ். கடைசில கூட்டிப் பாத்தா ஒரே நம்பர்."

எமிலியானுஸுக்குப் புல்லரித்தது. ஒரே நம்பர்! கணினிக்கு அக்கா இல்லை, தம்பி இல்லை!

"இதைத்தான் நான் தேடினனான்! செய் மகன், செய்!"

"எனக்கு நம்பிக்கை இல்லை," என்றாள் அஞ்சலீனா.

எமிலியானுஸ் திரும்பிப் பார்த்தார். அஞ்சலீனாவின் முகத்தில் கலவரம். அவருக்கு உற்சாகம் இரண்டு மடங்காகியது.

"ஏன் நம்பிக்கை இல்லை?"

"சூரியன் கண்ணுக்குள்ளை அடிச்சால் அது கணக்கிலை வருமோ? முதல் எங்கை நிக்கச் சொல்லி விட்டவை எண்டு கணினிக்குத் தெரியுமோ? பக்கத்திலை நிண்டவர் ஓடிவந்து உங்கடை பந்தைப் பிடிச்சால் அது ஆற்றை கணக்கு?"

"ஆன்ட்டி கேக்கறது நியாயம்தான்," என்றான் சேகர். "பெரிய ஆட்டக்காரங்களுக்கே மூணு வருஷம் பாத்தாதான் நம்பலாம்னு சொல்வாங்க. ஒரே ஆளுக்கு ஒரு கணக்குல பிளஸ் வரும், இன்னொரு கணக்குல மைனஸ் வரும். ஒரு கோடைக்கால ஆட்டம் ரொம்பக் கம்மி அங்கிள்."

"கேட்டீங்களோ? ஒரு கோடை காணாதாம். விடுங்கோ. கண்ணாலை பாத்ததே போதும்."

"போதாது!" எமிலியானுஸ் மேசையில் தட்டினார். குழம்புக் கிண்ணம் துள்ளியது. "சூரியன் எல்லாருக்கும் ஒரே சூரியன். ஒரு கோடை தாராளம். கண் பொய் சொல்லும். கணக்குப் பொய் சொல்லாது. நீர் எல்லா ஆட்டத்தையும் ஃபோனிலை படம் பிடிச்சு மகளுக்கு ஒட்டாவாவுக்கு அனுப்பினனீர்தானே? அதைச் சேகரிட்டைக் குடும்."

"வேண்டாமப்பா. பேந்து நம்பர் வேறை மாதிரி வந்தால் கோவிப்பியள்."

"நானோ? சேகர், நீ சாட்சி. கணக்கிலை ஆருக்குக் கூட வருதோ அந்த ஆள் ரொறன்ரோ போகும். இது என்ரை வாக்கு. பிறகு ஒரு சொல்லும் கதைக்க மாட்டன்."

அஞ்சலீனா பெருமூச்சு விட்டாள். ஃபோனைச் சேகர் பக்கம் தள்ளினாள். தோற்றுப்போன மனுசி மாதிரித்தான் தள்ளினாள்.

அன்றைக்குப் பகல் முழுவதும் எமிலியானுஸ் நிலத்தில் நிற்கவில்லை. கையுறைக்கு எண்ணெய் பூசினார். சப்பாத்தைத் துடைத்தார். தனோஜனுக்கு ஃபோன் எடுத்து, யன்னல் ஓர இருக்கை வேண்டும் என்று சொல்லி வைத்தார். கண்ணாடி முன் நின்று குதித்து ஒரு பந்தைப் பிடித்தார். இல்லாத பந்துதான். இறங்கும்போது இடுப்பில் ஏதோ சொடுக்கியது. அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

மாலையில் கிறிஸ்தோப்பர் வந்தார். கையில் ஒரு பெட்டி டோனட்.

"அத்தான், ஆர் போனாலும் கோவம் இல்லை என்ன?"

"எனக்கு என்ன கோவம் மச்சான்? வெல்லுற ஆளுக்குக் கோவம் வராது."

சேகர் மடிக்கணினியோடு இறங்கி வந்தான். எமிலியானுஸ் கதிரை விளிம்பில் இருந்தார். கிறிஸ்தோப்பர் டோனட்டை வாயருகே பிடித்தபடி நின்றார். அஞ்சலீனா தேத்தண்ணி ஆற்றினாள்.

"கிறிஸ்தோப்பர் அங்கிள், மைனஸ் மூணு."

"மைனஸ்!" எமிலியானுஸ் எழும்பியே விட்டார். "நான் சொன்னனான்! எட்டுப் பிழை விட்டவருக்கு வேறை என்ன வரும்? சரி மகன், என்ரையைச் சொல்லு."

"எமிலியானுஸ் அங்கிள்…" சேகர் தொண்டையைக் கனைத்தான். "மைனஸ் பதினொண்ணு."



"சூரியன்!" என்றார் எமிலியானுஸ். "இடது பக்கம் நிண்டு பார், வெய்யில் நேரை கண்ணுக்குள்ளை! அதை எடுத்தனியோ?"

"சூரியன் எல்லாருக்கும் ஒரே சூரியன்," என்றாள் அஞ்சலீனா.

"தனோஜன் என்னை எங்கை நிக்கச் சொன்னவன் எண்டு கணினிக்குத் தெரியுமோ? பக்கத்திலை நிண்டவர் எனக்கு வந்த பந்தை எல்லாம் பறிச்சவர்! ஒரு கோடைக் கணக்கு ஒரு கணக்கோ? பெரிய ஆக்களுக்கே மூண்டு வருசம் வேணுமாம்!"

"ஒரு கோடை தாராளம்," என்றாள் அஞ்சலீனா. "கண் பொய் சொல்லும்."

கிறிஸ்தோப்பர் மெல்ல ஒரு டோனட்டைக் கடித்தார். "அப்ப அத்தான், மூண்டோடை நான்தானே—"

"ஒரு நிமிஷம் அங்கிள்," என்றான் சேகர். "இன்னொருத்தரும் இருக்காங்க. பிளஸ் ஒம்போது."

"ஆர் அது?"

சேகர் படத்தை ஓட்டினான். பந்து எமிலியானுஸின் தலைக்கு மேலால் பறந்தது. எமிலியானுஸ் கையை ஆட்டினார். உடனே படம் ஆடியது. ஃபோனை யாரோ மடக்குக் கதிரையில் வைக்கும் சத்தம். பிறகு ஒரு சோடி வெள்ளைச் சப்பாத்து ஓடியது. பூப்போட்ட சட்டை காற்றில் பறந்தது. பாய்ந்து ஒரு கை பந்தைப் பிடித்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் வீசியது. பந்து இரண்டாம் மூலையில் நின்றவரின் கையுறைக்குள் போய் இருந்தது.

அடுத்த படம். அதே சப்பாத்து. அடுத்தது. கிறிஸ்தோப்பர் விழுந்து கிடக்க, அவரைத் தாண்டி அதே சப்பாத்து.

"அக்கா!" என்றார் கிறிஸ்தோப்பர்.

"பந்து ஆத்துக்குள்ளை போயிடும் எண்டுதான் எடுத்தனான்," என்றாள் அஞ்சலீனா அடக்கமாக. "ஆரும் வேண்டாம் எண்டு சொல்லேல்லை."

எமிலியானுஸுக்கு அப்போதுதான் ஒன்று இடித்தது. ஒரு கோடைப் படம் முழுவதையும் ஒரு பகலில் எப்படி அளந்தான்?

"சேகர், இவ்வளவு கெதியாய் எப்பிடி முடிச்சனி?"

"கெதியா இல்ல அங்கிள். ஆன்ட்டி போன வாரமே எல்லா வீடியோவும் அனுப்பிட்டாங்களே. ராத்திரி ராத்திரியா உக்காந்து…" சேகர் அஞ்சலீனாவின் முகத்தைப் பார்த்தான். நிறுத்தினான். "மீன் குழம்பு சூப்பர்."

எமிலியானுஸ் வாயைத் திறந்தார். பிறகு ஒரு சொல்லும் கதைக்க மாட்டன் என்று சாட்சி வைத்துச் சொன்னது நினைவுக்கு வந்தது. வாயை மூடினார். தனோஜனுக்கு அஞ்சலீனாவே ஃபோன் எடுத்தாள். மறுமுனையில் எழுந்த ஆரவாரம் குசினிவரை கேட்டது.

ஞாயிறு காலை வான் வாசலில் நின்றது. அஞ்சலீனா எமிலியானுஸின் கையுறையை மாட்டிக்கொண்டு ஏறினாள். எண்ணெய் பூசியிருந்ததால் நன்றாக மடங்கியது. யன்னல் ஓர இருக்கை. எமிலியானுஸும் கிறிஸ்தோப்பரும் நடைபாதையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

"பருப்பு அடுப்பிலை இருக்கு," என்று அஞ்சலீனா தலையை வெளியே நீட்டினாள். "ரெண்டு ஆம்பிளையள் இருக்கிறியள். ஆராவது ஒராள் பாத்து இறக்குங்கோ."

வான் தெருமுனை திரும்பும்வரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். திரும்பிய பிறகும் நின்றார்கள். பேசுவதற்கு நிறைய இருந்தது. அக்காவின் வீச்சைப் பற்றித் தம்பிக்குப் பெருமை. அந்தக் கணக்கு ஏன் தவறு என்று எமிலியானுஸிடம் நாலு காரணம். அவர் மூன்றாவது காரணத்துக்கு வந்தபோது வீட்டுக்குள் புகைமணி கீச்சிட்டது.

கிறிஸ்தோப்பர் எமிலியானுஸைப் பார்த்தார். எமிலியானுஸ் கிறிஸ்தோப்பரைப் பார்த்தார்.

"மச்சான், ஓடும்."

"உங்கடை வீடு அத்தான். உங்கடை பக்கம்."

யன்னலால் கறுத்த புகை சுருள் சுருளாக வெளியே வந்து, இருவரின் தலைக்கும் மேலால் தெருவைத் தாண்டிப் போனது. எமிலியானுஸின் வலது கை தானாக எழுந்து இப்படியும் அப்படியும் ஆடியது.

மாடி பால்கனியிலிருந்து சேகர் எட்டிப் பார்த்துக் கத்தினான்: "அங்கிள், மைனஸ் பன்னெண்டு!"